தங்கச்சியின் லோரியில் ஆடிய முள்

நான் பார்க்க முள் முதன்முதலாகச் சிவப்பைத் தொட்டபோது நாங்கள் பினாங்குப் பாலத்தின் நடுவில், ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தோம். லோரியின் பின்பக்கத்தில் கூடாரக் கம்பிகள், மடக்கு மேசைகள், கயிறு போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள். தங்கச்சி ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நடுவில் அசையாமல் நின்ற வெப்ப மீட்டரின் முள், யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் ஒரே வீச்சில் மேலே போய் முட்டிக்கொண்டது.

நிறுத்தச் சொன்னேன். அவள் மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"அது அப்பப்ப அப்படித்தாண்ணே. எறக்கத்துல தானா எறங்கிடும்."

அவள் சொன்னபடியே இறக்கம் தொடங்கியதும் முள் இறங்கியது. ஆனால் எனக்கு அன்று முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை. கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளை இறக்கி வரிசை போடும்போதும் நெஞ்சுக்குள் அந்த முள்தான் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் ரோட்டைப் பார்க்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது அசையவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் அந்த லோரியில் ஏறியதே வீட்டில் உட்கார முடியாமல்தான். தீவின் தெற்குப் பக்கத் தொழிற்பேட்டையில் இருபது வருஷத்துக்கும் மேலாக மின்னணுப் பலகைகளைச் சோதிக்கிற வேலை பார்த்தவன். மின்சாரம் எங்கே நிற்கிறது, எங்கே கசிகிறது என்று மீட்டர் வைத்துத் தேடுவதுதான் வேலை. ஒருநாள் எங்கள் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு விண்ணப்பம் போட்ட இடங்களிலிருந்து பதில்கூட வரவில்லை. வீட்டில் இருந்த காற்றாடியைக் கழற்றினேன். சோற்றுப் பானையைக் கழற்றினேன். அழைப்பு மணியைக் கழற்றி மாட்டியபிறகு அது மழை வந்தால் தானாக அடிக்க ஆரம்பித்தது. கிளினிக்கில் வேலை பார்க்கும் என் மனைவி ஒருநாள் வந்து, கழற்றாத சாமான் இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டாள். மறுவாரமே தங்கச்சிக்குப் போன் செய்து, உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போ, சாமான் ஏற்ற இறக்க ஆள் ஆச்சு என்று சொல்லிவிட்டாள்.

தங்கச்சியும் அவள் கணவரும் பெருநிலத்துப் பாகான் டாலாமில் கூடாரம், நாற்காலி, மேசை வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கியவர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் விசேஷமெல்லாம் நின்றுபோனதும் அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். மாதம் ஒருமுறை வருவார். அவர் போனதும் தொழிலை மூடிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் லோரி லைசென்ஸ் எடுத்தாள். சில நாள் ஏதோ ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பெரும்பாலும் யாரும் கிடைக்காமல் அவளே தனியாக, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

லோரி பழையது. அவள் கல்யாணத்துக்கும் முந்தியது. ஓட்டுநர் உட்காரும் முன்பகுதியை அப்படியே முன்னால் கவிழ்த்தால்தான் அடியில் இருக்கும் எஞ்சின் தெரியும். கதவின் கைப்பிடி ஒருவிதமாகத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும், கண்ணாடித் துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். அதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. முள்தான் செய்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் லோரியின் முகத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்திருந்தது. காற்றாடி பெல்ட் இறுக்கமாக இருந்தது. எங்கும் ஈரம் இல்லை. எஞ்சின் சூடானால் இருக்க வேண்டிய எந்த அடையாளமும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பக்கத்து ஊரான பிறைக்குப் போகும்போது ரயில் தண்டவாளத்தைத் தாண்டியதும் முள் மறுபடியும் எகிறியது.

ஜுருவில் அவள் வழக்கமாக லோரியைக் கொண்டுபோகும் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் என் வயதுள்ள சீனர். மலாயில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எஞ்சினுக்குள் தண்ணீர் எப்போது ஓட வேண்டும் என்று திறந்து மூடும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று சொல்லி அதை மாற்றினார். பழையதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் காட்டச் சொன்னேன். தேநீர்க் கோப்பையில் போட்டார், அது ஒழுங்காகத்தான் திறந்தது. அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. புகை வராதவரைக்கும் முள்ளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இந்த வயது லோரிக்கு இதெல்லாம் இருக்கும் என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது டோல் சாவடியின் மேட்டில் ஏறி இறங்கியதும் முள் சிவப்புக்குப் போய் வந்தது.

அடுத்து சென்சரை வாங்கி நானே மாட்டினேன். எஞ்சினில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவுப் பித்தளைத் துண்டு அது. தண்ணீரின் சூட்டை உணர்ந்து ஒரே ஒரு வயர் வழியாக மீட்டருக்குச் சொல்லும். புதிதாக மாட்டிய இரண்டாம் நாள், டத்தோ கெராமாட் பக்கம் இடது திருப்பத்தில் வளையும்போது முள் எகிறியது. தங்கச்சி ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா, இல்லை மீட்டர் பொய் சொல்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும். வீட்டில் பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் வெப்பமானி ஒன்று கிடந்தது. அதை எடுத்துப்போய் எஞ்சின்மேல் காட்டினேன். அது மனிதக் காய்ச்சலுக்கு மேல் எதையும் அறியாதது. சிவப்பு விளக்கைப் போட்டு அலறியது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, லோரிக்குக் காய்ச்சலா தம்பி என்று கேட்டுவிட்டுப் போனார். தங்கச்சி அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்போது பிறையில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். இயந்திரங்களின் சூட்டைத் தொடாமல் அளக்கும் கருவியை அவரிடம் இரவல் வாங்கினேன். லோரியில் என் இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன மூடி உண்டு. இருக்கையைத் தூக்கி அதைத் திறந்தால் எஞ்சினின் ஒரு பகுதி தெரியும். முள் எப்போது எகிறும் என்று கருவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது எகிறியபோது ஒரு சந்தியின் சிவப்பு விளக்கில் குலுங்கி நின்றிருந்தோம். இருக்கையைத் தூக்கி, பின்பக்கமாக மண்டி போட்டு, ஓட்டைக்குள் கருவியை நீட்டினேன். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அண்ணே, உக்காருண்ணே. போலீஸ் பாத்தா என்ன சொல்றது?"

எனக்கு எண் தெரிந்துவிட்டது. எண்பது டிகிரிக்குச் சற்று மேல். ஆரோக்கியமான எஞ்சினின் சூடு. முள்ளோ சிவப்பின் உச்சியில் நின்றது. மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று அவளிடம் சொன்னபோது, அதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன் என்றாள். அவளுக்குத் தெரியாது, ஊகித்தாள். இரண்டும் ஒன்றில்லை என்று நான் ஆரம்பித்தேன். அவள் வாயில் அடக்கிக்கொள்ளும் அசாம் புளிப்புப்பழம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டு வா என்று அர்த்தம்.

அன்று மதியமே அவள் வீட்டு வாசலில் சோதனையை முடித்தேன். சென்சரிலிருந்து வயரைக் கழற்றினேன். முள் அடியில் விழுந்தது. கழற்றிய வயரின் நுனியை எஞ்சினின் இரும்பில் தொட்டேன். முள் ஒரே வீச்சில் சிவப்புக்குப் போனது. பாலத்தில் நான் பார்த்த அதே வீச்சு. அப்படியென்றால் சென்சரில் கோளாறில்லை, மீட்டரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ அந்த வயர் தோலுரிந்து இரும்பைத் தொடுகிறது. லோரி குலுங்கும்போது, வளையும்போது தொடுகிறது, பிறகு விலகிவிடுகிறது.

தேடுவதற்குக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது. முன்பகுதி கவிழும் கீலுக்குப் பக்கத்தில் வயர்கள் கட்டாக வளைந்து மேலே போகின்றன. எத்தனையோ தடவை கவிழ்த்து நிமிர்த்தியதில் ஒரு வயர் மட்டும் கட்டிலிருந்து நழுவி, தகட்டின் விளிம்பில் உராய்ந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "இவ்ளோதானா" என்றாள். புது வயர்த் துண்டு போட்டு, மேலே ரப்பர் உறை மாட்டி, தகட்டைவிட்டுத் தள்ளிக் கட்டினேன்.

அதற்குப் பிறகு முள் ஆடவில்லை. பாலத்து ஏற்றத்திலும் தண்டவாளத்திலும் டோல் மேட்டிலும் நடுவிலேயே நின்றது. சில நாள் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு மறுபடியும் கை அரிக்க ஆரம்பித்தது. கதவுக் கைப்பிடியைச் சரிசெய்தேன். துடைப்பானைச் சரிசெய்தேன். முள்ளைத் தேடித் திரிந்த நாட்களில் தினமும் காலையில் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தவன், அது அடங்கியபிறகு பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

ஒரு காலையில் தங்கச்சிக்கு ஜார்ஜ்டவுனிலிருந்து போன் வந்தது. டத்தோ கெராமாட் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் பெரியவர் ஒருவர் விடியற்காலையில் மருத்துவமனையில் இறந்துவிட்டார். பேசியது அவருடைய மகள். உடலை மதியத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், கீழே கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட வேண்டும், வெயிலில் அப்பாவை வைக்க முடியாது என்று சொன்னாராம். கல்யாணக்காரர்கள் மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்வார்கள். சாவு வீட்டுக்காரர்களுக்குச் சில மணி நேரம்தான். தங்கச்சி போனை வைக்கும்போதே நான் கம்பிகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டேன். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என்று குடிநீர்ப் போத்தல்கள் சில பெட்டியும் ஏற்றிக்கொண்டோம்.

பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் முள் நடுவிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. முன்போல் துள்ளவில்லை, மெதுவாகச் சரிந்தது. எஞ்சின் குளிர்ச்சியாக ஓடுகிறது என்று முதலில் நினைத்தேன். அது சரிந்து சரிந்து அடிக்கோட்டில் படுத்துக்கொண்டது. நான் கட்டிய வயர் கழன்றிருக்கும், இறங்கியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன்.

"என்னமோ வாடை வருதுண்ணே. பாகு தீஞ்ச மாதிரி."

பிறை ஆலைகளின் வாடையாக இருக்கும் என்றேன். அவள் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். நாங்கள் கடலுக்கு மேல் இருந்தோம். காற்று தீவுப் பக்கத்திலிருந்து அடித்தது.

"பிறை பின்னால இருக்கு. காத்து முன்னால இருந்து வருது. இது நம்ம வாடைதான்."

அவள் அபாய விளக்கைப் போட்டு, ஓரத்தில் அவசரத்துக்கு வண்டி நிறுத்த விட்டிருக்கும் இடம் எங்கே என்று தேட ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது. மீட்டர் அடியில் கிடக்கிறது, சூடே இல்லை, வயரை நான்தான் மாற்றினேன், சாவு வீடு காத்திருக்கிறது, இங்கே நிறுத்தினால் எப்போது போய்ச் சேர்வது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் வேகத்தைக் குறைத்தாள். ஒதுங்கும் இடம் வந்ததும் திருப்பி நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

அணைத்தபிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. அடியில் ஏதோ சீறிக்கொண்டிருந்தது.

லோரியின் முகத்தைக் கவிழ்த்ததும் வெண்புகை எழுந்து காற்றில் பிய்ந்து கடல் பக்கம் போனது. ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. குளிர்விக்கும் மருந்து கலந்த பச்சைத் தண்ணீர், தீய்ந்த பாகு வாடையோடு, தாரில் சொட்டி ஓடியிருந்தது. மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சூட்டைச் சொல்லும். தண்ணீர் இறங்கிவிட்டதால் அது வெறும் ஆவியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் முள் கீழே போனது. சிவப்புக்கு எகிறியபோதெல்லாம் ஒன்றுமில்லை. அடியில் படுத்தபோதுதான் எஞ்சின் வெந்துகொண்டிருந்தது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் என் கைவேலைமேல் இருந்த நம்பிக்கையில் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் எஞ்சின் உள்ளே இறுகிப்போய் அங்கேயே நின்றிருக்கும்.

தங்கச்சி சொல்லிக்காட்டவில்லை. "இப்ப என்ன பண்ணலாம்" என்று மட்டும் கேட்டாள்.

ஆறும்வரை தொடக்கூடாது என்றேன். ஆறுவதற்குக் காத்திருந்ததுதான் பெரும்பாடு. லோரிகள் பக்கத்தில் போகும்போதெல்லாம் பாலம் காலுக்கடியில் நடுங்கியது. ரோந்து வண்டி ஒன்று வந்து நின்றது. சீருடை போட்ட மலாய்க்காரர் இறங்கி, கூம்புகளை வைத்துவிட்டு, இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும், ஆனால் அது வேறொரு விபத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, வர நேரமாகும் என்றார். தங்கச்சி பின்பக்கம் கூட்டிப்போய்க் கம்பிகளையும் நாற்காலிகளையும் காட்டி, சாவு வீட்டுக்குப் போகிற சாமான் என்று மலாயில் சொன்னாள். அவர் நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இழுவை வண்டி வருவதற்குள் சரிசெய்துவிட்டால் போகலாம், தானே பின்னால் விளக்குப் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

நடுவில் பெரியவருடைய மகளின் போன் வந்தது. மருத்துவமனையிலிருந்து வேன் புறப்படப் போகிறதாம். வந்துகொண்டே இருக்கிறோம் என்று சொல்லச் சொல்லி நான் கைகாட்டினேன். தங்கச்சி அப்படிச் சொல்லவில்லை.

"அக்கா, லோரி பாலத்துல நின்னுபோச்சு. செஞ்சுக்கிட்டு இருக்கோம். கொஞ்சம் லேட்டாவும், ஆனா வந்துருவோம். நீங்க அப்பாவ பாருங்க."

கூடாரத் துணியைக் கம்பியோடு இழுத்துக் கட்ட நாங்கள் மோட்டார் சைக்கிள் டியூபை வாராக வெட்டி வைத்திருப்போம். அதில் ஒரு பை நிறைய எப்போதும் லோரியில் கிடக்கும். குழாய் கை வைக்கும் அளவுக்கு ஆறியதும், அடியில் படுத்து, வெடிப்பின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த வார்களைச் சுற்றினேன். மேலே கம்பி போட்டு முறுக்கினேன். தங்கச்சி ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, துக்க வீட்டுக்கென்று ஏற்றிய தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினாள். என் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. எஞ்சினைப் போட்டோம். குழாய் கசிந்தது, ஆனால் தண்ணீர் கொட்டவில்லை. அழுத்தம் ஏறாமல் இருக்க மூடியை இறுக்காமல் விட்டேன்.

ஆமை வேகத்தில் போனோம். பின்னால் ரோந்து வண்டி விளக்கு அடித்துக்கொண்டே வந்தது. இந்தத் தடவை நான் மீட்டரைப் பார்க்கவில்லை. தலையை வெளியே நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தேன். பாலம் முடிகிற இடத்தில் அந்த மலாய்க்காரர் ஒருமுறை விளக்கை அணைத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுக்குமாடியின் கீழ் ஆட்கள் சுவரோர நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். நாங்கள் கம்பிகளை இறக்கிக் கால்களைப் பொருத்தும்போதே வேன் வந்துவிட்டது. வெயில் உச்சந்தலையில் நின்றது. மகள் வேனிலிருந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும், கண்கள் வீங்கியிருந்தன. எங்களைத் திட்டவில்லை. கதவைத் திறக்க வேண்டாம், நிழல் வரட்டும் என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டு, கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தபிறகு ஒரு ஆணியை இரண்டு தடவை கீழே போட்டேன்.

தங்கச்சிதான் யோசித்தாள். கம்பி ஏறும்போது ஏறட்டும் என்று துணியை மட்டும் தரையில் விரித்து, அங்கே நின்றவர்களைக் கூப்பிட்டாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். கீழ்வீட்டுச் சீன அம்மா அடுப்புத் துணியைத் தோளில் போட்டபடி வந்தார். மலாய் இளைஞர்கள் சிலர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்கள். எல்லோரும் ஓரங்களைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார்கள். குட்டையானவர்கள் நுனிக்காலில் நின்றார்கள். வேன் பின்னோக்கி அந்த நிழலுக்குள் வந்தது. பெரியவரை இறக்கி, மேசைமேல் வைத்து, மகள் அவர் காலடியில் உட்காரும்வரை யாரும் கையை இறக்கவில்லை. நாங்கள் இருவரும் அந்தக் கைகளுக்கு நடுவில் ஒவ்வொரு கம்பியாக நிறுத்தித் துணியைக் கட்டினோம்.

பிறகு ஒரு உறவினர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குப் போனார். புதுக் குழாயை வாங்கி வந்து மாற்றினேன். லோரிக்கு அடியில் படுத்திருக்க, அந்தப் பக்கம் தேவாரம் பாடுகிற சத்தம் கேட்டது. போத்தல் தண்ணீரையெல்லாம் ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டதால் தங்கச்சி பக்கத்துக் கடையில் வேறு பெட்டிகள் வாங்கி வைத்திருந்தாள்.

சாயங்காலம் திரும்பும் வழியில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்தோம். இரண்டு பேர் கையிலும் கிரீஸ் கறுப்பு. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, வாடையை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னாய் என்று கேட்டேன். உறுதியெல்லாம் இல்லை என்றாள். ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே அவளாகவே பேசினாள்.

"அந்த முள்ள நான் பாக்காம இல்லண்ணே. மொத தடவ அது சிவப்புக்குப் போனப்ப நான் தனியா இருந்தேன். பாலத்துலதான். ஓரங்கட்டி அழுதுட்டேன். அப்புறம் அதுவா எறங்குச்சு, நானும் ஓட்டிக்கிட்டுப் போய்ட்டேன். சாமான் எறக்கணும்ல. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே பாக்கறதில்லன்னு வெச்சுக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேமா."

"உனக்கு அப்ப வேலை இருந்துச்சு."

குற்றம் சொல்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தேன். முள் எகிறிய முதல் நாள் அவள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை நான் எத்தனையோ விதமாக நினைத்திருந்தேன். தைரியம் என்று, அலட்சியம் என்று. இப்படி நினைக்கவே இல்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து கூடாரத்தைப் பிரித்து ஏற்றினோம். அதற்கடுத்த வாரம் நான் லோரி லைசென்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்களெல்லாம் என் மகன் வயதுக்காரர்கள். பின்னோக்கி நிறுத்தும் தேர்வில் முதல் தடவை கம்பத்தை இடித்துத் தோற்றேன். தங்கச்சி அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் நாற்காலிகளை நிறுத்திவைத்து என்னைப் பின்னோக்கி ஓட்டவைத்தாள். இரண்டு நாற்காலிகளை நசுக்கியபிறகு பழகிவிட்டது.

லைசென்ஸ் வந்த பிறகு முதல்முதலாக நான் ஓட்டிக்கொண்டு தீவுக்குப் போனது ஒரு பிறந்தநாள் விழாவுக்கு. அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இடப்பக்கம் மோட்டார் வருது, டோலுக்கு இந்த வரிசை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாலத்தில் ஏறியபிறகு அவள் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தாள். மீட்டரைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், மூச்சை இழுத்து வாடை பார்த்தேன், மறுபடியும் மீட்டரைப் பார்த்தேன். பாலத்தின் இணைப்புகளில் லோரி குதிக்கும்போதெல்லாம் அவள் தலை கதவுக் கண்ணாடியில் இடித்தது. வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின.